முதல் பைத்தான் நிரலுக்கு எந்த எடிட்டர்?

பைத்தான் கற்கத் தொடங்குபவர்களை முதல் வாரத்தில் பெரும்பாலும் திணறடிப்பது மொழி அல்ல, எடிட்டர்தான். விஎஸ் கோட் நிறுவி, இரண்டு வரி எழுதி, ரன் பட்டனை அழுத்தினால் பைத்தானையே காணவில்லை என்று செய்தி வரும். காரணம் எளிது. எடிட்டர் என்பது எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் நிரல் மட்டுமே. அதைப் படித்து இயக்குவது இன்டர்பிரெட்டர் என்னும் வேறொரு நிரல். விஎஸ் கோடை நிறுவினால் பைத்தான் கூடவே வராது.

திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. சொற்களுக்கு நிறம் தருவது வெறும் வடிவப் பொருத்தம். மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் ஒரே நிறம், அவ்வளவுதான். ஒரு மேற்கோள் குறியை மூட மறந்தால் அந்த வரியில் அதன் பிறகு வருவதெல்லாம் நிறம் மாறித் தெரிவது இதனால்தான். சிவப்பு அடிக்கோடு போடுவது லாங்குவேஜ் சர்வர். பின்னணியில் தனியே ஓடி, நிரலை இயக்காமலேயே படித்துப் பார்க்கும். இது எடிட்டருடன் பேசுவதற்கான நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்டது. மூன்றாவதுதான் இன்டர்பிரெட்டர். கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்து, லாங்குவேஜ் சர்வர் ஒன்றையும் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டி நிரலை இயக்கும் சாளரம்) மற்றொன்றையும் பார்த்தால், சிவப்புக் கோடு விழுந்த வரியும் பிழையின்றி ஓடக்கூடும்.

ஆகவே முதல் எடிட்டராக தான்னியைப் (Thonny) பரிந்துரைக்கிறோம். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் கற்பவர்களுக்கென்றே உருவானது, இலவசம். விண்டோஸ், மேக் நிறுவிகள் பைத்தானையும் உடன் கொண்டுவருகின்றன. நிறுவியதும் எழுதலாம், எஃப்5 அழுத்தினால் ஓடும். பைத்தானோடு வரும் ஐடில் என்ற எடிட்டரும் போதுமானதுதான், ஆனால் தான்னி அளவுக்கு அது எதையும் திறந்து காட்டாது.

தான்னியின் உண்மையான பலம் கன்ட்ரோல்+எஃப்5இல் இருக்கிறது. நிரல் முதல் வரியில் நின்றுகொள்ளும். எஃப்6 அழுத்தினால் வரி வரியாக நகரும். எஃப்7 அழுத்தினால் வரிக்குள் நுழையும். (2 + 3) * 4 என்ற கோவை முதலில் 5 * 4 ஆகி, பிறகு 20 ஆவதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபங்ஷனை, அதாவது பெயரிட்டு வைத்த நிரல் துண்டை, அழைத்தால் அதற்கென்று ஒரு புதுச் சாளரம் திறக்கும். தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் என்றால் சாளரத்தின் மேல் சாளரமாக அடுக்கும். ரிக்கர்ஷனைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது கடினம். வியூ மெனுவில் வேரியபிள்ஸ் பலகத்தையும் திறந்து வையுங்கள். எந்த மாறியில் எந்த மதிப்பு என்று ஊகிக்க வேண்டியதில்லை.

ஒரே நிரல் பல கோப்புகளாக வளரும்போது விஎஸ் கோடுக்கு மாறலாம். முதலில் பைத்தானை நிறுவ வேண்டும். வழக்கமான விண்டோஸ் நிறுவியின் முதல் திரையில், கீழே, பைத்தானைப் பாத்தில் (PATH, டெர்மினல் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கும் சிறு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்காமல் மேலே போகாதீர்கள். அதை விட்டுவிட்டால், டெர்மினலில் பைத்தான் என்று தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறப்பதுண்டு. அடுத்து, விஎஸ் கோடில் மைக்ரோசாஃப்டின் பைத்தான் எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரலைச் சேர்த்து, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அழுத்தி, செலக்ட் இன்டர்பிரெட்டர் என்ற கட்டளையில் நீங்கள் நிறுவியதைத் தேர்ந்தெடுங்கள். பைத்தான் கோப்பு திறந்திருக்கும்போது அதன் பதிப்பு எண் கீழ்ப்பட்டையில் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தான்னி, கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே நிரலை இயக்கும். விஎஸ் கோடின் டெர்மினலோ நீங்கள் திறந்த ஃபோல்டரில் நிற்கும். நிரல் உள்ஃபோல்டர் ஒன்றில் இருந்தால், பக்கத்திலேயே இருக்கும் தரவுக் கோப்பைக்கூடக் காணவில்லை என்று பைத்தான் சொல்லும். தொடக்கத்தில், நிரல் உள்ள ஃபோல்டரையே ஓபன் ஃபோல்டர் வழியாகத் திறப்பது நல்லது. செயற்கை நுண்ணறிவுப் பரிந்துரைகளைச் சில மாதங்களுக்கு அணைத்தே வையுங்கள். லூப்பை நீங்கள் யோசிப்பதற்கு முன்பே அது எழுதிக் காட்டிவிடும். பயிற்சிக்கு வேண்டியதே அந்த யோசனைதான்.

எந்த எடிட்டரிலும் வரக்கூடிய சிக்கல்கள் சில உண்டு. திரையில் ஆமையை நகர்த்திப் படம் வரையும் டர்ட்டில் தொகுதியை (மாட்யூலை) பழக, கோப்புக்கும் டர்ட்டில் என்றே பெயர் வைத்தால் நிரல் உடைந்துவிடும். பைத்தான் தொகுதிகளை முதலில் தேடுவது உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரில். அங்கே உங்கள் கோப்பே சிக்கிக்கொள்கிறது. டேப் விசையை அழுத்தினால் தான்னியும் விஎஸ் கோடும் 4 இடைவெளிகளை இடும். வேறெங்கிருந்தோ ஒட்டிய வரிகளில் உண்மையான டேப் எழுத்து இருந்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் பைத்தான் 3 அந்தக் கலப்பை ஏற்காமல் டேப்எரர் தரும். வேர்டில் எழுதி ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்துவிடும். அவற்றையும் பைத்தான் ஏற்காது.

தமிழ் உரையைக் கையாள்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். பைத்தான் 3 நிரல் கோப்பை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியாக்க முறை) என்றே படிக்கும், ஆகவே நிரலுக்குள் தமிழ் எழுதலாம். ஆனால் விண்டோஸில் ஓபன் என்ற ஃபங்ஷன் மூலம் வேறு கோப்பில் தமிழை எழுதும்போது பழைய குறியாக்கம் குறுக்கிட்டு யூனிகோட்எரர் வரக்கூடும். என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று நீங்களே குறிப்பிட வேண்டும். இரண்டாவது, ‘அம்மா’ நமக்கு 3 எழுத்து, பைத்தானின் லென் ஃபங்ஷனுக்கு 5. புள்ளியையும் கால் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எடிட்டரின் சம அகல எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. விண்டோஸ் நிர்மலா யூஐ போன்ற வேறொன்றிலிருந்து எடுத்துக் காட்டும். அதனால் தமிழ்ப் பெயர்களை இடைவெளி விட்டு அட்டவணையாக அச்சிட்டால் நெடுவரிசைகள் கோணலாகத்தான் நிற்கும். உங்கள் நிரலில் பிழை தேடாதீர்கள். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக எழுதி, விரிதாளில் திறந்து பாருங்கள்.