விவாகரத்து: ரத்தாவது எது?

ரயில் ரத்து, தேர்வு ரத்து, விவாகரத்து. மூன்றிலும் ஒரே ரத்துதான். அரபியில் 'ரத்' என்றால் திருப்பி அனுப்புவது, மறுப்பது; அது உருது வழியாக நம் கோர்ட்டு கச்சேரிக் காகிதங்களுக்குள் வந்து வடமொழி விவாகத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டு நன்றாகப் பிடித்துவிட்டது, பொருள்தான் இடிக்கிறது. ரத்தான ரயில் அன்றைக்கு ஓடவே இல்லை. விவாகரத்தான கல்யாணமோ பத்து வருடம் ஓடி, ரெண்டு பிள்ளையும் பெற்று, அப்புறம் நின்றது.

சட்டமும் இந்த இரண்டைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 11, 12-ஆம் பிரிவுகள் செல்லாத திருமணங்களுக்கும், செல்லாது என்று அறிவிக்கத்தக்க திருமணங்களுக்குமானவை. 'ரத்து' உண்மையில் அங்கேதான் பொருந்தும். நாம் பேசுவது 13-ஆம் பிரிவு. இருவரும் மனமொத்துப் பிரிய வழி செய்யும் 13பி, 1976-இல்தான் சேர்ந்தது. இதில் அவிழ்வது புருஷன் பெண்டாட்டி என்ற ஒரு முடிச்சு மட்டும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அத்தை எல்லாம் அப்படியே இருக்கிறார்கள், பேரனைப் பார்க்க இனி நாள் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இரண்டு வீட்டிலும் பல் பிரஷ் உண்டு, சீருடை உண்டு. கணக்கு நோட்டு மட்டும் ஒன்றே ஒன்று, அது எப்போதும் மற்ற வீட்டில்தான் இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மணமுறிவு, மணவிலக்கு என்று இரண்டு சொல் புழங்குகிறது, பலரும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். முறிவு ஒரு நிலைமை; எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் ஒரே கூரைக்குக் கீழேயே அது நடந்து முடிந்திருக்கும். விலக்கு ஒரு செயல், யாரோ கேட்டு யாரோ கொடுப்பது. 2023-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, மீளவே முடியாதபடி மணம் முறிந்திருந்தால் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவின்கீழ் தானே மணவிலக்கு அளிக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், ஒரு சொல்லை வைத்துச் சமாளிக்க முடியாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்பவர்கள் 'அறுத்துக்கட்டுவது' என்ற ஊர் வழக்கைக் கேட்டதில்லை போலிருக்கிறது. பழைய தாலியை அறுத்துவிட்டு வேறு தாலி கட்டிக்கொள்வது, பல சாதிகளில் சாதாரணமாக நடந்தது. தமிழ் பைபிளில் புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுக்கும் 'தள்ளுதற்சீட்டு' இன்னொரு ரகம், தள்ளுபவன் யார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மணவிலக்கு பெற்றவர்களைவிட, பெறாமலே பிரிந்து வாழ்பவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களில் பெண்களே அதிகம். அவர்களைச் சொல்ல ஊரில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: வாழாவெட்டி. அதற்கு ஆண்பால் கிடையாது.