மலை இறங்குறப்ப பிரேக் லீவர் ஏன் மெத்துன்னு போகுது? பிரேக் ஃப்ளூயிட் பத்தி கொஞ்சம் விரிவா

டூரிங் போறவங்க கிட்ட வண்டியை எப்படி ரெடி பண்ணுவீங்கன்னு கேட்டா எஞ்சின் ஆயில், செயின் லூப், டயர் பிரஷர், பேட்டரின்னு வரிசையா சொல்லுவாங்க, கூடுதலா மாட்டுற ஆக்ஸ் லைட் எது நல்லதுன்னு ஒரு மணி நேரம் கூட பேசுவாங்க, ஆனா பிரேக் ஃப்ளூயிட் கடைசியா எப்ப மாத்துனீங்கன்னு கேட்டா பல பேர் கிட்ட பதில் இருக்காது. ஃபேக்டரில ஊத்துன அதே ஃப்ளூயிட்ல வருஷக்கணக்கா ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைன்னு சுத்துற வண்டிங்க இருக்கு. டிஸ்க் பிரேக் வண்டி வச்சிருக்குற எல்லாரும் இதைத் தெரிஞ்சிக்கணும்ங்க, ஏன்னா இது கெட்டுப்போறது ஓட்டுறப்ப தெரியவே தெரியாது, ஊருக்குள்ள ஓட்டுற வரைக்கும் பிரேக் நல்லாத்தான் பிடிக்கும்.

லீவரை அழுத்துனா அது பக்கத்துலயே இருக்குற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஒரு குட்டி பிஸ்டன் நகரும், அது ஃப்ளூயிடைத் தள்ளும், ஃப்ளூயிட் ஹோஸ் வழியா போய் காலிப்பர்ல, அதாவது சக்கரத்துக்கிட்ட டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பாகத்துல, இருக்குற பெரிய பிஸ்டனைத் தள்ளும், அந்த பிஸ்டன் பேடை (உரசுற கட்டையை) டிஸ்க் மேல அமுக்கும். ஸ்கூல்ல படிச்ச பாஸ்கல் விதி தான், அடைச்சு வச்ச திரவத்துல ஒரு இடத்துல குடுக்குற அழுத்தம் எல்லா பக்கமும் அதே அளவுல போகும். மாஸ்டர் பிஸ்டன் 12.7 மில்லிமீட்டர் விட்டம், காலிப்பர்ல 27 மில்லிமீட்டர்ல ரெண்டு பிஸ்டன்னு வச்சிக்கங்க, பரப்பளவுக் கணக்குல 9 மடங்கு விசை கிடைக்கும், லீவரோட நெம்புகோல் பலன் அதுக்கு மேல தனி. ஆனா 9 மடங்கு சும்மா வராது, காலிப்பர் பிஸ்டன் நகருற தூரம் 9ல ஒரு பங்கு ஆயிடும். லீவரை முழுசா அழுத்துனா கூட மாஸ்டர் பிஸ்டன் தள்ளுற ஃப்ளூயிட் ஒரு மில்லி, ஒன்றரை மில்லி அவ்வளவுதான். அதனால லைனுக்குள்ள சின்னதா ஒரு குமிழி இருந்தாலும் அந்த ஒன்றரை மில்லி பூரா குமிழியை அமுக்குறதுலயே போயிடும், பேடுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. திரவம் அமுங்காது, வாயு அமுங்கும், டிஸ்க் பிரேக்கோட உயிரே இதுலதான் இருக்கு.

சரி, குமிழி எங்கருந்து வருது? சூட்டுலருந்து.

வண்டி, ஆள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 280 கிலோன்னு வைங்க, 1000 மீட்டர் உயரத்துலருந்து கீழ இறங்குறீங்க, கிட்டத்தட்ட 27 லட்சம் ஜூல் சக்தி எங்கயாவது போயாகணும். 30 டிகிரில இருக்குற 9 லிட்டர் தண்ணியைக் கொதிக்கிற அளவுக்கு சூடாக்க அது போதும். காத்து கொஞ்சம் வாங்கிக்கும், எஞ்சின் பிரேக்கிங்ல, அதாவது ஆக்ஸிலேட்டரை விட்டா கியர்ல இருக்குற எஞ்சினே வேகத்தைப் பிடிச்சு வைக்கிறதுல, கொஞ்சம் போகும், மிச்சம் எல்லாம் டிஸ்க்லயும் பேட்லயும்தான் இறங்கும், அங்கருந்து காலிப்பர் பிஸ்டன் வழியா ஃப்ளூயிடுக்கு வரும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, ஒண்ணுல பிரேக் ஆறுறதுக்குள்ள அடுத்தது வந்துடும். அதுலயும் வலது காலை பின் பிரேக் பெடல் மேல வச்சு அழுத்திக்கிட்டே இறங்குற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, பின் டிஸ்க் சின்னது, அந்த சூட்டை அதால தாங்கவே முடியாது.

புது ஃப்ளூயிட் இந்த சூட்டை நல்லாவே தாங்கும். டாட்ங்கிறது பிரேக் ஃப்ளூயிடோட தரத்தைச் சொல்ற குறியீடு, நம்ம வண்டிகள்ல பெரும்பாலும் டாட் 4 தான் வரும், கிளைகால் ஈதர் வகை திரவம், புதுசா இருக்குறப்ப கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும்னு விதி. பிரச்சனை என்னன்னா இந்த கிளைகாலுக்கு ஈரத்தை இழுக்குற குணம் உண்டு, மழைக்காலத்துல உப்பு ஜாடி கசிஞ்சு போற மாதிரிதான். ரப்பர் ஹோஸ் நம்ம கண்ணுக்கு ஓட்டையே இல்லாத மாதிரி தெரிஞ்சாலும் தண்ணி மூலக்கூறு அது வழியா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிட்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா டாட் 4க்கு விதிப்படி கேரண்டி வெறும் 155 டிகிரிதான், டாட் 3க்கு 205லருந்து 140க்கு வந்துடும். 230க்கும் 155க்கும் நடுவுல இருக்குற அந்த 75 டிகிரிதான் மலை இறங்குறப்ப உங்களைக் காப்பாத்துறது. இது கிலோமீட்டர் கணக்கு பார்த்து நடக்கறதில்ல, காலண்டர் கணக்கு, கவர் போட்டு ஷெட்ல நிக்கிற வண்டிலயும் ஈரம் ஏறும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல இன்னும் வேகமா ஏறும். நிறைய மேனுவல்ல எவ்வளவு ஓடுச்சோ ஓடலையோ 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துன்னு போட்டிருக்குறது இதுக்குத்தான்.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. லீவரை அழுத்திப் பிடிச்சிருக்குறப்ப லைன்ல அழுத்தம் ரொம்ப அதிகம், அந்த அழுத்தத்துல கொதிநிலையும் மேல போயிடும், அதனால ஃப்ளூயிட் கொதிக்காது. லீவரை விட்ட உடனே அழுத்தம் வெளிக்காத்து அளவுக்கு இறங்கிடும், ஆனா பேட்ல இருக்குற சூடு பிஸ்டன் வழியா உள்ள வந்துக்கிட்டே இருக்கும், ஓடாம நின்னா டிஸ்கை ஆற வைக்க காத்தும் கிடையாது. அப்பதான் கொதிக்கும். தண்ணி ஆவியானா சாதாரண அழுத்தத்துல 1600 மடங்குக்கு மேல விரியும், ஒரு சொட்டுல பாதி கூட வேணாம், லைன்ல இருக்குற ஃப்ளூயிடை மேல தள்ளிட்டு இடத்தைப் பிடிச்சிக்கும். அதனாலதான் பாதி மலைல டீக்கடைல நிறுத்துறப்ப நல்லா பிடிச்ச பிரேக், டீ குடிச்சிட்டு கிளம்புன முதல் வளைவுல கைப்பிடி வரைக்கும் வந்துடுது.

ஈரம் இழுக்காத ஃப்ளூயிட் ஊத்திட்டா போச்சேன்னு தோணும். டாட் 5 அப்படித்தான், சிலிக்கோன் வகை, தண்ணியோட சேரவே சேராது. ஆனா உள்ள வர்ற தண்ணி எங்க போகும், கரையாம தனியா கீழ இறங்கி காலிப்பர்ல தேங்கும், அதாவது சூடு அதிகமான இடத்துல சுத்தமான தண்ணி, அது 100 டிகிரிலயே கொதிக்கும், துருவும் பிடிக்கும். கிளைகால் தண்ணியைக் கரைச்சு பரவலா வச்சிருக்குறது ஒரு வகைல நல்லதுதான். டாட் 5.1 வேற, அது கிளைகால் வகை, விதிப்படி புதுசுல 260, ஈரத்தோட 180, டாட் 4 இருக்குற வண்டில ஊத்தலாம். பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குன்னு 5ஐயும் 5.1ஐயும் குழப்பிக்காதீங்க, 5ஐ டாட் 4 கூட கலக்கவே கூடாது, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கிறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற சிஸ்டம்) இருக்குற வண்டிக்கு அது சரிப்படாது.

வீட்டுலயே மாத்தலாம், பெரிய கஷ்டம் இல்ல. நிப்பிளுக்கு (காலிப்பர்ல ஃப்ளூயிடை வெளிய விடுற சின்ன திருகு) பொருந்துற ரிங் ஸ்பேனர், பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், மீன் தொட்டிக்குப் போடுற மாதிரி உள்ள இருக்குறது தெரியுற பிளாஸ்டிக் ட்யூப், ஒரு பழைய பாட்டில், சீல் உடைக்காத புது ஃப்ளூயிட். டேங்க், ஃபேரிங் மேல ஈரத்துணி போட்டுடுங்க, இந்த ஃப்ளூயிட் பெயிண்டை அரிச்சிடும், பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும். ட்யூபை நிப்பிள்ல மாட்டி மறு முனையை பாட்டில்ல இருக்குற ஃப்ளூயிட்ல முங்குற மாதிரி வைங்க. லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளை கால் சுத்து திற, பழசு வெளிய வரும், நிப்பிளை மூடு, அப்புறம்தான் லீவரை விடு. மாத்தி செஞ்சா காத்தை உள்ள இழுத்துக்கும். மேல ரிசர்வாயர்ல (ஃப்ளூயிட் ஊத்துற டப்பா) லெவல் கீழ்க்கோட்டுக்குக் கீழ போகாம ஊத்திக்கிட்டே இருக்கணும். முதல்ல டிக்காஷன் கலர்ல வரும், நடுவுல ஊசிமுனை அளவு குமிழி ஒண்ணு ரெண்டு ட்யூப்ல ஏறும், திடீர்னு ஒரு இடத்துல கலர் கோடு போட்ட மாதிரி வெளிர் மஞ்சளா மாறும், அதுதான் புது ஃப்ளூயிட் கீழ வந்து சேர்ந்ததுக்கு அடையாளம். நிப்பிளை ரொம்ப முறுக்காதீங்க, நடுவுல ஓட்டை உள்ள சின்ன திருகு, உடைஞ்சா காலிப்பரோட போயிடும்.

அப்பவும் லீவர் லேசா மெத்துன்னு இருந்தா ஒரு கயிறால லீவரை கைப்பிடியோட இறுக்கிக் கட்டி ராத்திரி விட்டுடுங்க. அழுத்தத்துல குமிழி சுருங்கி, ஒட்டியிருக்குற இடத்தை விட்டு மேல நகரும், காலைல அவுத்துட்டு லீவரை மெதுவா நாலஞ்சு தடவை ஆட்டுனா ரிசர்வாயருக்கு வந்துடும்.

ரப்பர் சீல் கிட்ட பெட்ரோல், எஞ்சின் ஆயில், துரு எடுக்குற ஸ்ப்ரே எதையும் கொண்டுபோகாதீங்க, பிரேக் சீல் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டா உப்பிடும். ரிசர்வாயர்ல லெவல் குறைஞ்சா டாப் அப் பண்றதுக்கு முன்னாடி பேடைப் பாருங்க, பேட் தேய தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்தை நிரப்ப ஃப்ளூயிட் இறங்கும், அது இயல்பு. பேடும் நல்லா இருந்து லெவல் குறையுதுன்னா லீக் இருக்கு.

அப்கிரேடுன்னா என் ஓட்டு ஸ்டீல் பிரெய்டட் ஹோஸுக்குத்தான், அதாவது மேல ஸ்டீல் கம்பி பின்னுன ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்துல லேசா உப்பும், உள்ள டெஃப்லான் குழாய் இருக்குற பிரெய்டட் ஹோஸ் அவ்வளவு உப்பாது, ஈரமும் குறைவாத்தான் விடும். ஆனா பழைய ஃப்ளூயிடோட அதை மாட்டுறது பணத்துக்குக் கேடு, முதல்ல சில நூறு ரூபாய் ஃப்ளூயிட், அப்புறம் மிச்சம். 2019 ஏப்ரல்லருந்து இந்தியால 125 சிசிக்கு மேல வர்ற புது வண்டி எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம், அந்த யூனிட்டுக்குள்ள இருக்குற நுணுக்கமான வால்வுகளுக்கும் ஈரம் எதிரிதான், அது போனா செலவு பெருசு.

மலை இறங்குறப்ப செகண்ட் கியர்னு போர்டு வச்சிருக்குறதை மதிங்க, எஞ்சின் வாங்கிக்கிற சூடு டிஸ்குக்கு வராது. வேகத்தைக் குறைக்கணும்னா ஒரு தடவை நல்லா அழுத்தி விட்டுடுங்க, தேய்ச்சிக்கிட்டே வராதீங்க. லீவர் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா அது பேட் சூடு, லீவரே உள்ள போகுதுன்னா ஃப்ளூயிட் கொதிச்சிருக்கு. அப்ப வேகமா பம்ப் பண்ணிக்கிட்டே கியரை ஒவ்வொண்ணா குறைச்சு ஓரமா நிறுத்துங்க. அரை மணி நேரம் ஆறுனதும் ஆவி திரும்ப தண்ணியாயிடும், லீவர் பழையபடி கெட்டியா இருக்கும், சரியாயிடுச்சுன்னு நம்பி அதே வேகத்துல இறங்காதீங்க, அதே தண்ணி உள்ளதான் இருக்கு, மிச்சத்தை ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்து இறங்கி கீழ போனதும் ஃப்ளூயிடை மாத்துங்க.