சரக்குப் பெட்டியில் இருப்பது ஊர்ப் பெயர் அல்ல

பழைய அமெரிக்கப் புகைப்படம் ஒன்றில் சரக்கு ரயில் நிற்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் ‘சாண்டா ஃபே’ என்று பெரிய எழுத்துகள். படத்தை இணையத்தில் ஏற்றுபவர் கீழே ‘நியூ மெக்சிகோ மாநிலம், சாண்டா ஃபே நகரம்’ என்று குறிப்பு எழுதிவிடுகிறார். அமெரிக்க ஆவணக் காப்பகம் ஒன்றில் பழைய படங்களைப் பட்டியலிடுவது என் வேலை. ரயில் படங்களில் நான் மிக அதிகமாகத் திருத்துவது இந்த ஒரு தவறைத்தான்.

சாண்டா ஃபே என்பது அங்கே ஒரு ரயில்வே நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனத்தின் முதன்மைப் பாதை சாண்டா ஃபே நகரத்துக்குள் போகவே இல்லை. மலைப்பாங்கான நிலம் என்பதால் பாதை லேமி என்ற சிற்றூர் வழியாகப் போயிற்று. நகரத்துக்கு லேமியிலிருந்து ஒரு கிளைப் பாதை மட்டுமே போட்டார்கள். ஆகவே அந்தப் பெட்டி சிகாகோவில் நின்றிருக்கலாம், டெக்சாஸில் நின்றிருக்கலாம், நியூயார்க் துறைமுகத்திலும் நின்றிருக்கலாம்.

குறிப்பே இல்லாத படத்தால் பெரிய கேடு இல்லை. தவறான குறிப்புள்ள படம் அப்படியல்ல. அதை ஒருவர் படியெடுக்க, இன்னொருவர் உள்ளூர் வரலாற்று நூலில் சேர்க்க, சில ஆண்டுகளில் அதுவே சான்றாகிவிடும். தன் கொள்ளுப்பாட்டனார் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்று தேடும் கொள்ளுப்பேத்தி தவறான மாநிலத்தின் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கிறது.

அமெரிக்கச் சரக்குப் பெட்டிகள் இப்படிச் சுற்றியதற்குக் காரணம் பாதையின் அகலம். தென் மாநிலங்களில் 5 அடி அகலப் பாதைகள் இருந்தன. 1886 மே மாதக் கடைசியிலும் ஜூன் முதல் நாளிலுமாக, ஏறத்தாழ இரண்டே நாளில், ஆயிரக்கணக்கான மைல் தூரத்துக்கு ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே நகர்த்தி வடக்கத்திய அகலத்துக்கு இணையாக்கினார்கள். அதன் பிறகு ஒரு நிறுவனத்தின் பெட்டி எந்த நிறுவனத்தின் பாதையிலும் ஓடியது. பெட்டியை வைத்திருக்கும் நாள்களுக்கு உரிமையாளருக்கு வாடகை கொடுத்தால் போதும். சரக்கை இறக்கி வேறு பெட்டியில் ஏற்றும் வேலையே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படங்களைப் பாருங்கள். ஒரே ரயிலில் நாட்டின் எல்லா மூலைகளையும் சேர்ந்த நிறுவனங்களின் பெட்டிகள் கலந்து நிற்கும்.

பசிஃபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யூனியன் பசிஃபிக், சதர்ன் பசிஃபிக் ஆகிய இரு ரயில்வேக்களும் 1906-இல் சேர்ந்து தொடங்கியது அது. மேற்குக் கரையின் பழங்களையும் காய்கறிகளையும் ஐஸ் வைத்த பெட்டிகளில் கிழக்கு நகரங்களுக்கு அனுப்புவதே அதன் தொழில். கூரையின் நான்கு மூலைகளிலும் ஐஸ் போடும் திறப்புகள் தெரிந்தால் அது அந்த வகைப் பெட்டி. கலிஃபோர்னியாவில் நிறைந்து கிழக்கே போய்க் காலியாவதற்கென்றே கட்டிய பெட்டி அது. அதன் பெயரைப் பார்த்துப் படம் கலிஃபோர்னியாவில் எடுத்தது என்று எப்படிச் சொல்வது? அதேபோல, பெட்டியின் எண்ணுக்கு முன்னுள்ள சுருக்கெழுத்து ‘எக்ஸ்’ என்று முடிந்தால், அதன் உரிமையாளர் ரயில்வே நிறுவனமே அல்ல. எண்ணெய் நிறுவனமாகவோ பெட்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனமாகவோ இருக்கும்.

பெட்டி இடத்தைச் சொல்லாது. ஆனால் காலத்தைச் சொல்லும், அதுவும் வியப்பூட்டும் துல்லியத்தோடு.

பெட்டியின் இடப்பக்கத்தில் நிறுவனச் சுருக்கெழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே சிறிய எழுத்துகளில் மூன்று வரிகள் இருக்கும். பெட்டியின் கொள்ளளவு, ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை, வெறும் பெட்டியின் எடை. அந்தக் கடைசி எடைக்குப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். ‘4-41’ என்றால் 1941 ஏப்ரல். தேதிக்கு முன் ‘நியூ’ என்று இருந்தால் புதிதாகக் கட்டியபோது எடை பார்த்தது. வேறு எழுத்துகள் இருந்தால், பின்னாளில் மறுபடி எடை பார்த்த பணிமனையின் குறியீடு. இந்த மறு எடை அக்காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயமாக இருந்தது. பலகை ஈரம் குடிக்கும், பழுதுபார்த்த இரும்பு எடையைக் கூட்டும், சரக்கின் கட்டணமோ எடையை வைத்துத்தான். அதனால் அந்தத் தேதி படத்துக்கு இரு பக்கமும் வேலி போடுகிறது. படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்கவே முடியாது, அதற்குப் பின் வெகுகாலம் கழித்து எடுத்ததாகவும் பெரும்பாலும் இருக்காது. சக்கரங்களுக்கு அருகே இன்னும் சிறிய எழுத்தில், அச்சுப் பெட்டிக்குள் எண்ணெய்ப் பஞ்சை மாற்றிய தேதியும் சில படங்களில் கிடைக்கும். நல்ல நெகட்டிவ் கையில் இருந்தால் முதலில் உருப்பெருக்கியை அங்கேதான் கொண்டுபோவேன்.

எழுத்துகள் மங்கியிருந்தால் பெட்டியின் உடம்பைப் பார்க்க வேண்டும். 1933 முதல் புதிய பெட்டிகளுக்கு ‘ஏபி’ வகைக் காற்று பிரேக் கட்டாயமாயிற்று. அதில் சிலிண்டர், காற்றுத் தொட்டி, வால்வு மூன்றும் பெட்டியின் அடியில் தனித்தனியாகத் தொங்கும். முந்தைய ‘கே’ வகையில் இவை பெரும்பாலும் ஒரே தொகுப்பாக இருக்கும். தட்டை இரும்புப் பட்டைகளை வளைத்து போல்ட் போட்ட பழைய சக்கரச் சட்டங்கள் நிறுவனங்களுக்கு இடையே மாறிச் செல்லும் பெட்டிகளிலிருந்து 1940-களின் தொடக்கத்தில் விலக்கப்பட்டன. இறைச்சி, வெண்ணெய், பியர் விளம்பரங்களைப் பக்கம் முழுவதும் வண்ணமாகத் தீட்டிய குளிர்பெட்டிகளை அரசின் வணிக ஆணையம் 1934-இல் தடுத்தது, அடுத்த சில ஆண்டுகளில் அவை மறைந்தன. கூரையின் மேல் பணியாளர் நடக்கும் நீளப் பலகை 1966-க்குப் பின் கட்டிய மூடிய பெட்டிகளில் கிடையாது. பக்கவாட்டில் வண்ணக் கோடுகள் அடுக்கிய சிறு தகடு தெரிந்தால், பெட்டிகளைத் தானாக அடையாளம் காண 1967-இல் ஏற்ற முறை அது. சில ஆண்டுகளில் பெட்டிகளெங்கும் ஒட்டினார்கள், 1970-களின் பிற்பகுதியில் கைவிட்டார்கள்.

இவற்றில் பல ‘இதற்கு முன் அல்ல’ என்று மட்டுமே சொல்லும். கைவிட்ட பிறகும் அந்த வண்ணத் தகடுகள் பெட்டிகளில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தன. நிறுவனப் பெயர்களும் அப்படித்தான். பென்சில்வேனியா ரயில்வே 1968-இல் நியூயார்க் சென்ட்ரலோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. அதுவும் 1976-இல் கான்ரெயிலுக்குள் போனது. ஆனால் பழைய பெயர் தாங்கிய பெட்டிகளுக்கு அடுத்த நாளே யாரும் வண்ணம் பூசவில்லை. பழைய பெயரைப் பார்த்து ‘1968-க்கு முன்’ என்று முடிவு கட்டுவது தவறு. ‘கான்ரெயில்’ என்று எழுதியிருந்தால் மட்டும் 1976-க்கு முன் அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

இடத்தை அறிய வண்டியை விட்டுவிட்டு, நகராதவற்றைப் பார்க்க வேண்டும். கம்பம், சிக்னல், தண்டவாளத்தின் அமைப்பு, பின்னால் தெரியும் கிட்டங்கி. என்னைக் கேட்டால் சிக்னல்தான் முதல் சாட்சி. பென்சில்வேனியா ரயில்வேயின் சிக்னலில் விளக்குகள் எல்லாம் ஒரே மஞ்சள் நிறம். வரிசை நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா, கிடையாக இருக்கிறதா என்பதில்தான் செய்தி. அதனால் கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட அதைக் கண்டுகொள்ளலாம். அதே முறையை அதன் செல்வாக்கில் இருந்த ஓரிரு ரயில்வேக்களும் பின்பற்றின என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க ரயில்கள் இரட்டைப் பாதையில் பொதுவாக வலப்பக்கம் ஓடும். சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன் நிறுவனத்தின் ரயில்களோ நம் ஊர் ரயில்களைப் போல இடப்பக்கம் ஓடின. இல்லினாய் மாநிலச் சமவெளிப் படம் ஒன்றில் ரயில் இடப்பக்கப் பாதையில் வருகிறது என்றால், எந்த நிறுவனத்தின் பாதை என்று தேடும் வேலை பாதி முடிந்தது.

அதன் பின் வரைபடம். சான்போர்ன் நிறுவனம் தீக் காப்பீட்டுக்காக அமெரிக்காவின் ஏறத்தாழ 12,000 ஊர்களை, ஒவ்வொரு கட்டடமாக, ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் வரைந்துவைத்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள். கிட்டங்கியை ஒட்டிப் போகும் கிளைத் தண்டவாளம்கூட அதில் இருக்கும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையதளத்தில் இவற்றில் பெரும் தொகுதியை இலவசமாகவே பார்க்கலாம்.

ஒரு குடும்பம் எங்களிடம் கொடுத்த ஆல்பத்திலிருந்து ஒரு படம். ஏப்ரன் அணிந்த ஒருவர் சரக்கு மேடையில் நிற்கிறார். பின்னால் பசிஃபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் பெட்டி. படத்தின் பின்புறம் பென்சிலில் ‘தாத்தா, கலிஃபோர்னியா’ என்று எழுதியிருந்தது. பெட்டியின் எடைத் தேதியில் 38 என்ற ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. படத்தின் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், மின்கம்பி தாங்கும் இரும்புக் கம்பங்களும் தொலைவில் வட்டத் தகட்டின் மீது பென்சில்வேனியா சிக்னலின் விளக்கு வரிசையும் இருந்தன. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரையிலான தன் பாதையைப் பென்சில்வேனியா ரயில்வே 1935-க்குள் மின்மயமாக்கியிருந்தது. ஆக, பெட்டி கலிஃபோர்னியா, மேடை அட்லாண்டிக் கரையோரம். பின்னால் தெரிந்த செங்கல் கிட்டங்கியின் படிக்கட்டு வடிவக் கூரைச் சுவரையும் அதன் அருகே வளையும் கிளைப் பாதையையும் சான்போர்ன் வரைபடங்களில் தேடி, நியூ ஜெர்சியின் ஓர் ஊரில் கண்டோம். அந்த ஊரின் பழைய முகவரிப் புத்தகத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது, தொழில் பழ மொத்த வியாபாரம். அந்த ஓரத்தை யாராவது ‘அழகுக்காக’ வெட்டியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க, இடமும் மாதமும் ஐயமில்லாமல் தெரிந்த படங்கள் வேண்டும். அதற்கு நான் திரும்பத் திரும்பப் போவது ஜாக் டெலானோவின் படங்களுக்கு. அரசுக்காக 1942-43-இல் சிகாகோ வட்டார யார்டுகளையும், பின்னர் சாண்டா ஃபே பாதை நெடுக கலிஃபோர்னியா வரையிலும் அவர் படம் பிடித்தார். சில கோடாக்ரோம் வண்ணத்தில் இருக்கின்றன. யார்டின் பெயர், மாதம், தொழிலாளியின் பெயர், அவர் செய்யும் வேலை என்று குறிப்புகளும் உடன் இருக்கின்றன. குறிப்பு எழுதுவது எப்படி என்பதற்கும் அவையே நல்ல பாடம்.

தமிழ்நாட்டு ஆல்பங்களை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அங்கே கணக்கு கொஞ்சம் மாறும், ஏனென்றால் பாதையின் அகலம் ஒன்றல்ல. பழைய நான்கு சக்கர வேகனின் முகப்பில் இரண்டு பக்கமும் பஃபர் (மோதலைத் தாங்கும் அமைப்பு) இருந்தால் அது பிராட் கேஜ். நடுவில் ஒற்றை பஃபர் மட்டும் உள்ள நான்கு சக்கர வேகன் என்றால் பெரும்பாலும் மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தெற்கே போன முதன்மைப் பாதைகள் 1990-கள் வரை மீட்டர் கேஜ்தான், சென்ட்ரல் நிலையமோ பிராட் கேஜ். அமெரிக்கப் பெட்டி சொல்லாத ஒன்றை இங்கே வேகன் ஓரளவு சொல்கிறது, தான் எங்கே போயிருக்க முடியாது என்பதை. தெற்கு ரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்று உருவானது. அந்தப் பெயரின் சுருக்கெழுத்து இருந்தால் படம் அதற்குப் பிந்தையது. நிலையப் பெயர்ப் பலகைகளையும் விட்டுவிடாதீர்கள். டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கிக் கல்லக்குடி என்று வைக்கக் கோரி 1953-இல் போராட்டமே நடந்தது. இந்தி எழுத்துகள் மீது தார் பூசிய பலகை என்றால் தேதியைத் தேட வேண்டிய ஆண்டுகள் இன்னும் குறுகும்.

வீட்டிலுள்ள படங்களை ஸ்கேன் செய்யும்போது சிலவற்றை மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். படத்தின் வெள்ளை விளிம்பையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள், பழைய பிரிண்டுகளின் விளிம்பில் கழுவிய மாதமும் ஆண்டும் அச்சாகியிருப்பதுண்டு. அது படம் எடுத்த தேதி அல்ல, ஆனால் அதற்குப் பின் எடுத்திருக்க முடியாது என்பது உறுதி. பின்புறத்தையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் எழுத்துகள் நேராகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இடம் வலம் மாறிய படத்தில் ரயில் எந்தப் பக்கம் ஓடியது என்ற சாட்சியே பொய்யாகிவிடும். கூர்மையாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்ட படத்தை வைத்து எதையும் படிக்காதீர்கள். மங்கிய இலக்கத்துக்கு அவை தாமாக ஓர் இலக்கத்தை வரைந்துவிடுகின்றன. 1938 அங்கே 1933 ஆகலாம், பார்ப்பவருக்கு அது அசலைவிட நம்பகமாகத் தோன்றும். அப்படி மாற்றிய படம் உங்களுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தொடாத கோப்பைத் தனியாகக் காப்பாற்றுங்கள்.

குறிப்பு எழுதும்போது படத்தில் கண்டதையும் நீங்கள் ஊகித்ததையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ‘பெட்டியில் 38 என்ற ஆண்டு தெரிகிறது’ என்பது ஒரு வரி. ‘ஆகவே 1938 அல்லது அதற்குச் சில ஆண்டுகளுக்குள்’ என்பது இன்னொரு வரி. குடும்பத்தினர் பின்புறம் எழுதியதை, தவறு என்று தெரிந்த பிறகும், அவர்கள் எழுதியபடியே மேற்கோளாகப் பதிவு செய்யுங்கள். அந்தத் தாத்தா சில காலம் கலிஃபோர்னியாவிலும் இருந்தாரா என்று நாளை ஒருவர் தேடத் தொடங்குவதற்கு அந்தப் பென்சில் வரியைத் தவிர வேறு எதுவும் மிஞ்சியிருக்காது.