சினைக்கு விடுமுன் பெட்டையின் குணம் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது தன் பெட்டை நாயைச் சினைக்கு விடப்போகிறார் என்றால் பேச்சு முழுக்கக் கடுவனைப் பற்றித்தான் இருக்கும். கடுவன் அசல் அல்சேஷனா, தலை எவ்வளவு பெரிது, செம்பனைத் தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்குமா என்றெல்லாம் கேட்பார்கள். பெட்டையைப் பற்றி ஒரே கேள்விதான்: "பருவத்துக்கு வந்தாச்சா?" இடி இடித்தால் அது என்ன செய்கிறது, முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்றால் என்ன செய்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. அப்புறம் ஒரு வருஷம் கழித்து அதன் குட்டி ஒன்று தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு தோட்டத்துக்குள் ஓடித் தொலைந்துபோகிறது. இன்னொன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் காலைக் கவ்வுகிறது. பழி வளர்த்தவர் மேல் விழுகிறது. தாயை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கடுவனின் பங்கு மரபணுவோடு முடிந்துவிடும். பெட்டையும் மரபணுவில் பாதியைத் தருகிறது. அதற்கு மேல் ஏறத்தாழ 63 நாள் குட்டிகளைத் தன் ரத்தத்தில் வளர்க்கிறது. பிறகு இரண்டு மாதம் அவை கண்ணால் பார்க்கிற முதல் நாயாகக் கூடவே இருக்கிறது. எனவே பயந்த சுபாவம் தாயிடமிருந்து குட்டிக்குப் போக ஒரு வழி இல்லை, பல வழி இருக்கிறது.

முதல் வழி மரபணு. 1959-இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர் பண்ணை நரிகளில் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதனைக் கண்டு குறைவாகப் பயப்படும் நரிகளை மட்டும் இணை சேர்த்தார். பழக்கவில்லை, தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான். சில தலைமுறைகளிலேயே ஆளைக் கண்டால் வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. அவருடன் வேலை செய்த லுத்மிலா துருட், சாதுவான நரிக்கும் சீறும் நரிக்கும் இடையே கருக்களை மாற்றி வைத்துப் பார்த்தார். சாதுவான நரியின் வயிற்றில் வளர்ந்தாலும் சீறும் நரியின் கரு சீறும் குட்டியாகவே பிறந்து வளர்ந்தது. மரபணுவின் பலம் அவ்வளவு. ஆனால் மரபணு என்றதும் ஜாதி நாய் என்று புரிந்துகொள்ளக் கூடாது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை வைத்து 2022-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாய்க்கு நாய் உள்ள குண வேறுபாட்டில் ஜாதி விளக்கியது சுமார் 9 சதவீதம்தான். சான்றிதழ் உள்ள அல்சேஷன் கோழையாகவும் இருக்கும், தோட்ட லயத்தில் பிறந்த கலப்பு நாய் கல்லுப் போல நிதானமாகவும் இருக்கும். முன்னால் நிற்கிற நாயைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி கருப்பை. நார்வேயில் சினையாக இருந்த பண்ணை நரிகளைக் கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் தினமும் ஒரு நிமிடம் பிடித்துக் கையாண்டார்கள். அவற்றின் குட்டிகள் புதிய சூழலில் மற்ற குட்டிகளைவிட அதிகமாகப் பதறின. தாய் பயப்படும்போது கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கிறது. நஞ்சுக்கொடி அதில் பெரும்பகுதியை முறித்துவிடும். ஆனாலும் மிச்சம் கொஞ்சம் குட்டியைச் சேர்கிறது, வளரும் மூளையின் பயக் கருவியைக் கூர்மையாக்கிவிடுகிறது. ரயில் ஊதினாலே நடுங்கும் பெட்டை சுங்கை சிப்புட்டில் சினையாக இருந்தால் அதற்கு ஒவ்வொரு நாளும் அந்தச் சோதனைதான்.

மூன்றாவது வழி நாக்கு. கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் வரும். அந்த நக்கலுக்கு வேறு வேலையும் உண்டு. கனடாவின் மொன்றியாலில் மைக்கேல் மீனியின் குழு 1997-இல் எலிகளில் இதைக் காட்டியது: தாய் நிறைய நக்கி வளர்த்த குட்டிகள் பெரிதானபின் பதற்றத்திலிருந்து சீக்கிரம் மீண்டன. நாய்களில் விஷயம் இத்தனை நேர்க்கோடாக இல்லை. ஸ்வீடன் ராணுவத்தின் 22 அல்சேஷன் ஈற்றுகளை முதல் மூன்று வாரம் படம்பிடித்துப் பார்த்தபோது, அதிகக் கவனிப்புப் பெற்ற குட்டிகள் பெரிதானபின் மனிதரிடமும் பொருட்களிடமும் அதிக ஈடுபாடு காட்டின, கொஞ்சம் அதிக முரட்டுத்தனமும் காட்டின. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களில் 23 தாய்களையும் 98 குட்டிகளையும் கவனித்த 2017 ஆய்விலோ, ஓயாமல் சூழ்ந்து கவனித்த தாயின் குட்டிகள் பயிற்சியில் அதிகம் தோற்றன. படுத்துக்கொண்டு பால் கொடுத்த தாயின் குட்டிகளைவிட, நின்றோ உட்கார்ந்தோ கொடுத்து எட்டிக் குடிக்க வைத்த தாயின் குட்டிகளே அதிகம் தேறின. நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: குட்டியை விட்டு நகரவே மாட்டாத தாயை உத்தமத் தாய் என்று மெச்ச அவசரப்பட வேண்டாம். வேண்டியபோது வந்து, வேண்டாதபோது எழுந்து போகத் தெரிந்த தாயே நல்ல தாய். அதற்கு நிதானம் வேண்டும்.

அந்த நிதானத்தை எப்படி அளப்பது? ஸ்வீடனில் 1989-இலிருந்து நாய்களுக்குக் குணச் சோதனை ஒன்று நடத்துகிறார்கள். நாய் நடந்து வரும் வழியில் ஆள் உருவில் ஓர் உடுப்பு திடீரென்று தரையிலிருந்து எழும்பும். தகரத்தின் மேல் சங்கிலி கடகடவென்று இழுபடும். வெள்ளைத் துணி போர்த்திய இரண்டு பேர் மெல்ல மெல்ல நெருங்குவார்கள். நாய் துள்ளிப் பின்வாங்குவதற்காக அதைக் கழித்துவிடுவதில்லை. பிறகு என்ன செய்கிறது, எவ்வளவு நேரத்தில் திரும்பி வந்து அந்தப் பொருளை மோந்து பார்க்கிறது, அடுத்த முறை அதே இடத்தைக் கடக்கும்போது ஒதுங்கிப் போகிறதா என்பதைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். பயப்படாத நாய் கிடையாது. பயத்திலிருந்து மீள்கிற நாய், மீளாத நாய் என்ற இரண்டு உண்டு.

வீட்டிலேயே இதைச் செய்யலாம். நாய் கட்டப்படாமல் முற்றத்தில் இருக்கட்டும். பத்து அடி தள்ளி, அது பார்க்காத பக்கம், ஒரு தகர வாளியைச் சிமெண்டுத் தரையில் போடுங்கள். பேசாதீர்கள், கூப்பிடாதீர்கள், சமாதானமும் சொல்லாதீர்கள். நல்ல பெட்டை துள்ளும், காதைப் பின்னால் மடிக்கும், நாலு எட்டு ஓடும். பிறகு நின்று திரும்பும். கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை ஓட்டத்துக்குத் தயாராக வைத்துக்கொண்டே, மூக்கை வாளிப் பக்கம் கொண்டுபோகும். மோந்துவிட்டு உடம்பை ஒரு உதறு உதறும், கதை முடிந்தது. அந்த நேரத்தில் ஒரு துண்டுக் கோழி நீட்டினால் வாங்கித் தின்னும். பயம் உள்ளே இருக்கும் நாய் தனக்குப் பிடித்த கோழியையும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்து பாருங்கள். பயம் ஒவ்வொரு முறையும் தேய்ந்தால் அந்த மூளை பழகத் தெரிந்த மூளை. வாளியைக் கையில் எடுத்தாலே ஓடுகிறது என்றால் அது பயத்தைச் சேர்த்து வைக்கிற மூளை, சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த நாயை நன்றாக வளருங்கள், ஆனால் அதிலிருந்து குட்டி எடுக்காதீர்கள்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு தம்பி சொன்னான், "என் நாய் ரொம்ப சாது அண்ணே, டாக்டர் ஊசி போட்டாகூட அசையாது." போய்ப் பார்த்தேன். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, கண்ணில் வெள்ளை தெரிந்தது, வாயை இறுக மூடி உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. அது சாது இல்லை, உறைந்துபோயிருந்தது. சத்தம் போடாத நாயெல்லாம் நல்ல குணமுள்ள நாய் என்று நம்புவதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் கவலை தருகிறது. குரைக்கும் நாயின் மனசையாவது நாம் தெரிந்துகொள்கிறோம்.

எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். பருவம் மூன்று வாரம் இருக்கும். அதன்பின் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சுமார் இரண்டு மாதம், சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் உடம்பில் ஓங்கி நிற்கும். அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். சினையே இல்லாத பெட்டைக்கும் சில சமயம் பால் ஊறுவது, பழைய செருப்பைக் குட்டி போல அணைத்துக்கொண்டு உறுமுவது எல்லாம் இதனால்தான். அந்த வாரங்களில் தெரிவது நாயின் குணம் அல்ல, ஹார்மோனின் குணம். பருவம் முடிந்து நாலு மாதமாவது ஆன பிறகு பாருங்கள். ஒன்றரை வயதுக்கு முன் முடிவு செய்யாதீர்கள். காதில் சீழ், மூட்டில் வலி, உண்ணிக் காய்ச்சல் இருந்தால் முதலில் வைத்தியம். வலிக்கிற நாய் கடிக்கத்தான் செய்யும்.

தொட விடுகிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். வயிறு, மடி, வாலடி, பாதம். ஈனும் நேரம் நெருங்கும்போது பெட்டையின் உடல் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே இறங்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வரும். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைக்க விடாத நாயிடம் அந்த அறிகுறி நமக்குத் தெரியவே தெரியாது. நடுராத்திரியில் குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டால் ஈப்போ நகரம்வரை காரில் கொண்டுபோக வேண்டி வரலாம், வழி நெடுக யாராவது அதைப் பிடித்திருக்க வேண்டும்.

ஈன்ற முதல் வாரங்களில் தாய் பிறரைப் பார்த்து உறுமினால் அதைக் கெட்ட குணமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, அது இயற்கை. வளர்த்தவர் கை வைத்தாலும் பாய்வது, குட்டிகளை இடம் மாற்றி மாற்றித் தூக்கித் திரிவது, குட்டியைக் கடித்துவிடுவது, இவைதான் அபாயம். தலைச்சன் ஈற்றில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பயந்த பெட்டை இப்படிச் செய்யும் வாய்ப்பு அதிகம்.

குட்டிகளை எட்டு வாரத்தில் தூக்கிப் பார்த்து, மல்லாக்கப் போட்டுப் பார்த்து, "இதுதான் தைரியசாலி" என்று தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இங்கே அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஸ்வீடனில் எட்டு வார அல்சேஷன் குட்டிகளைச் சோதித்து, வளர்ந்தபின் மறுபடி சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள், இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. அந்த வயதில் குட்டியைவிடத் தாயைப் பார்ப்பதே மேல். குட்டிகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தென்னாப்பிரிக்கப் போலீசில், ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை தாய் போதைப்பொருள் தேடுவதைப் பார்த்து வளர்ந்த குட்டிகள், ஆறு மாதத்தில் அதே வேலையில் மற்றவற்றை மிஞ்சின. தேடும் வேலையைப் பார்த்தே பிடித்துக்கொள்கிற குட்டி, செம்பனைக் குலை ஏற்றும் லாரி வரும்போது தாய் எழுந்து ஓடுகிறதா, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறதா என்பதையும் கவனிக்கத்தான் செய்யும். குட்டி வாங்கப் போகிறவர்கள் அந்த லாரி வருகிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.