அகவணி முன்னோடி உயிரணு: சொல் விளக்கம்

இரத்தக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் சிதையும்போது அவ்விடத்தை நிரப்பவும், புதுக் குழாய்கள் கிளைக்க உதவவும் வல்லவை எனக் கருதப்பட்டு, இரத்தத்தில் சுற்றிவரும் முதிராத உயிரணுக்களை மருத்துவ நூல்கள் 'எண்டோதீலியல் புரோஜெனிட்டர் செல்' என்கின்றன. இதற்குத் தமிழில் 'அகவணி முன்னோடி உயிரணு' எனலாம்.

'எண்டோதீலியம்' என்னும் சொல்லை 1865இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ். அதற்கு முன்பே வழங்கிவந்த 'எபித்தீலியம்' என்பதைப் பார்த்து அமைத்த சொல் அது. 'தீலே' என்றால் கிரேக்கத்தில் முலைக்காம்பு. காம்பின் மேல் படர்ந்த மெல்லிய தோலைக் குறிக்க எழுந்த சொல், 'உள்ளே' எனப் பொருள்படும் 'எண்டான்' என்னும் முன்னொட்டைப் பெற்று இரத்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டது. அங்கே காம்பு ஏது? உள்ளே அணிந்தது என நேராகப் பொருள் தரும் 'அகவணி', மூலச் சொல்லைவிடத் தெளிவானது. இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் 'கலம்' என்பதால் அங்கே 'அகவணிக்கலம்' என்பர். தமிழ்நாட்டு வாசகர் அதைக் குருதிக்கலனோடு குழப்பிக்கொள்ளக்கூடும் என்பதால் இங்கு 'உயிரணு' என்றே எழுதுகிறேன்.

'புரோஜெனிட்டர்' இலத்தீனில் ஈன்று தருபவரை, அதாவது மூதாதையைக் குறிக்கும். அந்த வகையில் 'தாயணு' என்பதே நெருக்கமான சொல். ஆயினும் தாயின் இரத்தமும் சேயின் தொப்புள்கொடி இரத்தமும் ஒருசேர ஆராயப்படும் மகப்பேற்று மருத்துவத்தில் 'தாயணு' என்றால், தாயின் உடலிலிருந்து எடுத்த அணு என்றே படிப்பவர் கொள்வர். 'முன்னோடி' சற்றே விலகிய பொருளுடையதாயினும் மயக்கம் தராது.

இப்பெயர் பரவியது 1997இல் ஆய்வாளர்கள் தகாயுகி அசஹாராவும் ஜெஃப்ரி இஸ்னர் உள்ளிட்டோரும், வளர்ந்தவர்களின் இரத்தத்திலிருந்து இத்தகைய உயிரணுக்களைப் பிரித்தெடுத்ததாக அறிவித்த பிறகு. அதன்பின் ஒரே பெயரின்கீழ் இரு வேறு உயிரணுக்கள் ஆராயப்பட்டு வந்தமை தெரியவந்தது. ஒருவகை வெள்ளணுக்களின் வழிவந்தது. குழாயின் சுவராக மாறுவதில்லை, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து அருகிலுள்ள உயிரணுக்களைத் தூண்டும். மற்றது அரிது, ஆய்வகத் தட்டில் தாமதமாக முளைத்துத் திரளாகப் பெருகி, தானே குழாயாக அமையவும் வல்லது. ஆகவே வெறும் 'முன்னோடி உயிரணு' என்று எழுதுவதைத் தவிர்த்து வகையைக் குறிப்பிடுமாறு 2017இல் வெளியான வல்லுநர் பரிந்துரை கேட்டுக்கொண்டது.

மகப்பேற்று மருத்துவத்தில் இக்குழப்பத்தின் விளைவு கண்கூடு. கர்ப்பத்தில் தாயின் இரத்த நீர்மம் ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. கருப்பையின் சுருள் தமனிகள் விரிவடைகின்றன. இவ்வளவு மாற்றத்துக்கு ஈடுகொடுக்கப் பழுதுநீக்கும் உயிரணுக்கள் மிகுதியாக வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பே. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுகள், அவை கர்ப்பம் முதிர முதிரப் பெருகுவதாகவும், முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்லாம்ப்சியா) உற்றவர்களிடம் குறைந்தும் மூப்படைந்தும் காணப்படுவதாகவும் கூறின. வேறு ஆய்வுகள் மாறுபட்ட முடிவுகளைத் தந்தன. ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு அடையாளப் புரதங்களைக் கொண்டு எண்ணியது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

முன்சூல்வலிப்பு என்பது 20ஆம் வாரத்துக்குப்பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்குமேல் உயர்ந்து, சிறுநீரில் புரதமோ உறுப்புப் பாதிப்போ தோன்றும் நிலை. ('யூரின்ல உப்பு இருக்கு' என்று கர்ப்பிணிகளிடம் சொல்லப்படும் 'உப்பு' பெரும்பாலும் இப்புரதமே.) பெயரை 'முன்சூல் + வலிப்பு' எனப் பிரித்துக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வருவது என்று சிலர் எண்ணிவிடுவதால், 'சூல்வலிப்பு முன்நிலை' என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

இந்நோயில் நஞ்சுக்கொடி, எஸ்-ஃப்ளிட்-1 என்னும் புரதத்தை மிகையாக வெளியிடுகிறது. 2003இல் அதன் பங்கை எடுத்துக்காட்டிய குழுவுக்கு வழிகாட்டியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அனந்த் கருமாஞ்சி. அகவணியைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அப்புரதம் பற்றிக்கொள்கிறது. முன்னோடி உயிரணுக்களை எலும்பு மச்சையிலிருந்து வெளிவரத் தூண்டுவனவற்றுள் அக்காரணிகளும் அடங்கும் என்பதால், சிதைவும் பழுதுநீக்கக் குறைவும் ஒரே மூலத்திலிருந்து எழக்கூடும் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

ஆகவே தமிழில் எழுதும்போது, தாமதமாக முளைத்துப் பெருகும் வகையைத் 'திரள் உருவாக்கும் அகவணி உயிரணு' என்றும், வெள்ளணு வழிவந்ததைக் 'குழாய் வளர்ச்சி தூண்டும் வெள்ளணு' என்றும் பிரித்து எழுதலாம்; மூல ஆய்வு வகையைச் சொல்லாதபோது மட்டும் 'அகவணி முன்னோடி உயிரணு' எனப் பொதுவாக நிறுத்திக்கொள்ளலாம்.