அடுத்தவர் தந்த சேவ் கோப்பைத் திறக்குமுன்

2008-ஆம் ஆண்டு நின்டெண்டோவின் வீ கன்சோலுடைய பூட்டைத் திறந்தது ஒரு குதிரையின் பெயர். ‘தி லெஜெண்ட் ஆஃப் செல்டா: ட்விலைட் பிரின்சஸ்’ விளையாட்டில் நாயகனின் குதிரைக்கு ஆடுபவரே பெயர் வைக்கலாம். விளையாட்டுக்குள் தட்டச்சு செய்யும்போது சில எழுத்துகளுக்கு மேல் விடாது. ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்பிலிருந்து அதே பெயரைப் படிக்கும்போது அந்தக் கண்டிப்பு இல்லை. மிக நீளமான பெயருடன் ஒரு கோப்பைத் தயாரித்து, எஸ்டி கார்டு வழியாகக் கன்சோலில் ஏற்றி, கதையின் தொடக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். பெயர் தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி வழிந்து, கார்டில் இருந்த வேறொரு நிரல் ஓடத் தொடங்கும். ‘ட்விலைட் ஹேக்’ என்று இதற்குப் பெயர். அதே ஆண்டு ஜூனில் வந்த புதுப்பிப்பு அந்தக் கோப்பைத் தேடி அழிக்கப் பார்த்தது. அதையும் தாண்டிச் சென்றார்கள்.

அது கன்சோலின் சொந்தக்காரர் தெரிந்தே செய்த காரியம். எனக்குக் கவலை தருவது அதே ஓட்டை ஆடுபவருக்குத் தெரியாமல் அவருடைய கணினியில் திறப்பதுதான். எல்லாக் கட்டங்களையும் முடித்த சேவ் கோப்புகளை இணையத்தில் தேடி இறக்குபவர்கள் ஏராளம். ‘சேவ் கோப்புதானே, நிரலா என்ன?’ என்று நம்பித்தான் திறக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது கோப்பைப் படிக்கும் லைப்ரரியின், அதாவது நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார்நிலை நிரல்தொகுப்பின், பொறுப்பு.

விளையாட்டு நிரல்களை மறுஆய்வு செய்வது என் வேலையின் ஒரு பகுதி. அதில் நான் முதலில் திறந்து பார்ப்பது லோடு செய்யும் பகுதியைத்தான். பைதான் மொழியில் பிக்கிள், மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் பைனரிஃபார்மேட்டர் என்ற தயார்க் கருவிகளை வைத்து ஒரே வரியில் வேலையை முடித்திருப்பார்கள். இவை தரவை மட்டும் மீட்டுத் தருபவை அல்ல. எந்தப் பொருளை உருவாக்குவது, எந்தச் செயற்கூற்றை அழைப்பது என்பதையும் கோப்பே சொல்ல இடம் கொடுப்பவை. நம்பிக்கையில்லாத தரவைப் பிக்கிளால் திறக்காதீர்கள் என்று பைதான் ஆவணமே எச்சரிக்கிறது. பைனரிஃபார்மேட்டரைப் பாதுகாப்பானதாக மாற்றவே முடியாது என்று அறிவித்த மைக்ரோசாஃப்ட், 2024-இல் வந்த டாட்நெட் 9-இல் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. ஆனால் விளையாட்டு உருவாக்கும் யூனிட்டி எஞ்சினுக்கான பழைய பாடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இன்னும் அதையே எழுதுகிறார்கள். காட்சிக் கதைகளுக்கான ரென்பை எஞ்சின் சேவ் கோப்புகளுக்குப் பிக்கிளையே பயன்படுத்துகிறது. வேறு கணினியில் உருவான சேவ் என்றால் திறக்குமுன் ஆடுபவரை எச்சரிக்கும் ஏற்பாட்டை 2023-இல் அதில் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் எச்சரிக்கையைப் படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்துபவர்களே அதிகம்.

தரவை மட்டும் ஏந்தும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதி ஆபத்து போய்விடும். மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதை மைன்கிராஃப்ட் தன் உலகங்களைச் சேமிக்கும் என்பிடி வடிவத்தில் பார்க்கலாம். எளிமையான வடிவம் அது. ஒரு பட்டியல் வந்தால் உறுப்புகளின் வகைக்கு ஒரு பைட், எண்ணிக்கைக்கு நான்கு பைட், பிறகு உறுப்புகள். அந்த நான்கு பைட்டில் 127, 255, 255, 255 என்று யாரோ எழுதிவைத்தால் எண்ணிக்கை 2,147,483,647 ஆகிறது. பின்னால் ஒரு உறுப்புகூட இல்லாமல் கோப்பு முடிந்திருக்கலாம். எட்டு பைட் எண்களுக்கான பட்டியல் என்று நம்பி முன்கூட்டியே இடம் ஒதுக்கும் லைப்ரரி 16 ஜிபி நினைவகம் கேட்டு விழும். மீதமுள்ள பைட்டுகளின் அளவோடு எண்ணிக்கையை ஒப்பிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரிதான் பல இடங்களில் இருப்பதில்லை. பட்டியலுக்குள் பட்டியலாக அடுக்கிக்கொண்டே போவதற்கும் வரம்பு வேண்டும். மைன்கிராஃப்ட் 512 அடுக்கோடு நிறுத்துகிறது. உலகத்தின் அடிப்படை விவரங்கள் அடங்கிய கோப்பு ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டது என்பதால், 1 எம்பி கோப்பு விரிந்தால் 1 ஜிபி அளவுக்கும் போகக்கூடும். விரிக்கும்போதே அளவை எண்ணிக்கொண்டு வர வேண்டும். முழுவதும் விரித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

‘எங்களிடம் செக்சம் இருக்கிறது’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிட்டுக் கூடவே வைக்கும் சரிபார்ப்பு எண் அது. போக்கிமான் ரெட், ப்ளூ விளையாட்டுகளிலும் இருந்தது: முக்கியமான பகுதியின் பைட்டுகளைக் கூட்டி, பிட்டுகளைத் தலைகீழாக்கி, ஒரே பைட்டில் வைத்திருந்தார்கள். கார்ட்ரிட்ஜ் பேட்டரி தீர்ந்து தரவு கெட்டால் அது கண்டுபிடிக்கும். வேண்டுமென்றே மாற்றுபவர் செக்சத்தையும் திருத்திவிடுவார். சேவ் எடிட்டர்கள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன. கோப்பு சிதைந்ததா என்பதற்குச் செக்சம் பதில் சொல்லும். யார் எழுதினார் என்பதற்குச் சொல்லாது.

எழுதும் பக்கத்தில் ஆபத்து வேறு மாதிரி. இருக்கும் கோப்பின் மேலேயே நேராக எழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஒரு பிள்ளை மாதக்கணக்கில் கட்டிய உலகம் அது. அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பாக எழுதி, வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, பிறகு பெயர் மாற்ற வேண்டும். மைன்கிராஃப்ட் முந்தைய பிரதியையும் விட்டுவைக்கிறது, நீங்களும் வையுங்கள். தனக்குத் தெரிந்த புலங்களை மட்டும் படித்து, தெரியாதவற்றை எழுதாமல் விட்டுவிடும் லைப்ரரியை வாங்கவே வேண்டாம். மாட்கள், அதாவது ஆடுபவர்கள் உருவாக்கும் கூடுதல் இணைப்புகள், சேர்த்த பொருள்கள் எல்லாம் ஒரே சேமிப்பில் காணாமல் போகும்.

ஒரு லைப்ரரியைத் தேர்ந்தெடுக்குமுன் இதைச் செய்து பாருங்கள். நல்ல சேவ் கோப்பு ஒன்றைப் படித்து, எதையும் மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் விரித்த நிலையில் ஒப்பிடுங்கள். சுருக்கிய பைட்டுகள் கருவிக்குக் கருவி மாறும். அடுத்து அதே கோப்பை முதல் பைட்டோடு, இரண்டாம் பைட்டோடு என ஒவ்வொரு பைட்டிலும் வெட்டி, அப்படி அரைகுறையாக நிற்கும் ஒவ்வொரு கோப்பையும் அதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் தெளிவான பிழைச் செய்தியோடு அது நின்றுவிட வேண்டும்; ஆடுபவரின் பழைய கோப்பில் ஒரு பைட்கூட மாறியிருக்கக் கூடாது.