பூமி அதிர்ச்சிக்கு தேதி கேக்காதீங்க, வீட்டுச் செவத்த பாருங்க

மறுபடியும் ஒரு வொய்ஸ் மெசேஜ் சுத்துது. இன்னைக்கு ராத்திரி ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல பெரிய பூமி அதிர்ச்சி வருதாம், நாசா சொல்லிருச்சாம், போன ஓஃப் பண்ணி தூர வச்சிட்டு எல்லாரும் வெளிய வந்து படுங்க, இத பத்து பேருக்கு அனுப்புங்க. அனுப்புறாங்க. படிச்சவங்களும் அனுப்புறாங்க, டீச்சர்மாரும் அனுப்புறாங்க. முதல்ல ஒண்ணு, நில அதிர்வ கண்காணிச்சு சொல்றது நாசாவோட வேலையே இல்ல, அமெரிக்காவுல அதுக்கு யூஎஸ்ஜீஎஸ்னு தனி நிறுவனம் இருக்கு. பொய் சொல்றவனுக்கு அதக்கூட ஒழுங்கா தேடிப் பாக்க நேரம் இல்ல.

நான் கட்டட வேல பாக்குற டெக்னிகல் ஓஃபிசர். வெடிச்ச செவரு, சாஞ்ச மதில், எறங்குன நெலம், இதுங்கள போய் பாத்து ரிப்போட் எழுதுறது தான் பொழப்பு. போன கெழம ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்கு போனா, அந்த மெசேஜ நம்பி முதல் நாள் ராத்திரி முழு லயமும் கைக்கொழந்தைங்களோட வெளிய படுத்திருக்காங்க. எங்க படுத்தாங்கன்னு கேட்டேன், லயத்துக்கு பின்னால இருக்குற தட்டையான எடத்த காட்டுனாங்க. அதுக்கு நேர் மேல ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு மண்மேடு, வெட்டிவிட்டது வெட்டிவிட்டபடி நிக்குது, தடுப்புச் செவரு இல்ல, மேட்டு உச்சில கை போற அளவுக்கு நீட்டமா ஒரு வெடிப்பு. "இது எப்ப வந்துச்சு ஐயா?"ன்னு அங்க இருந்த பெரியவர கேட்டேன். "அது போன மழைக்கு வெடிச்சது சேர், அது பாட்டுக்கு கெடக்குது" அப்படிங்கிறார். எவனோ சொன்ன அதிர்ச்சிக்கு பயந்து, கண்ணு முன்னால வெடிச்சு நிக்கிற மேட்டுக்கு அடியில புள்ளைய கெடத்தி தூங்க வச்சிருக்காங்க. அன்னைக்கு மழ வராதது அவங்க அதிர்ஷ்டம். அந்தக் கோவத்துல தான் இத எழுதுறேன், கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்குங்க.

இந்த தேதி விசயத்த முதல்ல முடிச்சிருவோம். பூமி அதிர்ச்சிய கணிச்சேன்னு ஒருத்தன் சொன்னா அவன் மூணு விசயத்த சேத்து சொல்லணும், எங்க வரும், எப்ப வரும், எவ்வளவு பெருசா வரும். இந்த மூணையும் சேத்து, திரும்பத் திரும்ப சரியா சொல்ற வழி இன்னைக்கு வரைக்கும் உலகத்துல எந்த விஞ்ஞானிகிட்டயும் இல்ல. சீனாவுல 1975ல ஹைசெங்ன்னு ஒரு எடத்துல சின்னச்சின்ன அதிர்வு நெறைய வந்தத பாத்துட்டு சனங்கள வெளிய எடுத்தாங்க, அன்னைக்கே பெருசு வந்துச்சு, நெறைய உசுரு தப்பிச்சுது. உடனே எல்லாரும் கண்டுபுடிச்சாச்சுன்னு கொண்டாடுனாங்க. அடுத்த வருசம் 1976 ஜூலை 28 விடியக்காலையில அதே நாட்டுல தாங்ஷான்ல நில அதிர்வு அளவுகோல்ல 7க்கு மேல அடிச்சுது, எந்த எச்சரிக்கையும் இல்ல, அரசாங்கக் கணக்குப்படியே ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. ஒரு தடவ பலிச்சத வச்சு முடிவு கட்டக் கூடாதுங்கிறது அங்கயே தெரிஞ்சு போச்சு.

இல்ல சேர், 2025 ஜூலையில ஜப்பான்ல வரும்னு ஒரு கொமிக் புத்தகத்துல முன்னமே போட்டிருந்தாங்களே, வந்துச்சேன்னு ஒரு தம்பி எங்கிட்டயே சண்டைக்கு வந்தான். அவங்க சொன்ன ஜூலை 5 சும்மா தான் போச்சு. அந்த வதந்திக்கு பயந்து ஹொங்கொங்ல இருந்து போற ஃப்ளைட்ட கூட கொறச்சாங்க, அது தான் நடந்த நட்டம். மாசக் கடைசியில 8.8 அடிச்சது ரஷ்யாவோட கம்சட்கா பக்கம். எடமும் வேற நாளும் வேற, ஆனா ‘பாத்தியா பலிச்சிருச்சு’. தம்பி, உலகம் முழுக்க 7க்கு மேற்பட்ட அதிர்ச்சி வருசத்துக்கு சராசரியா பதினஞ்சுக்கு கொறையாம வருது. எந்த மாசத்த நீ சொன்னாலும் பெரும்பாலும் எங்கயாவது ஒண்ணு வந்து ஒன்ன காப்பாத்தும். 2023 பெப்ரவரி 6 துருக்கியில வந்தப்பவும் இதே கத தான், கிரகம் நேர்கோட்டுல நிக்குதுன்னு ஒரு நெதர்லாந்துக்காரர் சொன்னத தூக்கி வச்சு ஆடுனாங்க, அவரு அதுக்கு முன்ன சொல்லி வராமப் போனத எல்லாம் யாரும் ஷெயார் பண்ணல.

விஞ்ஞானிங்களால சொல்ல முடியுறது வேற மாதிரி. ஜப்பான்ல நன்காய்னு கடலுக்கடியில ஒரு பள்ளம், அதுல அடுத்த 30 வருசத்துல பெரிய அதிர்ச்சி வர 80 வீதம் அளவுக்கு வாய்ப்பு இருக்குன்னு 2025 ஜனவரியில அரசாங்கமே சொல்லுச்சு. அங்க போன்ல அலாரம் அடிக்கிறதும் உண்டு, ஆனா அது அதிர்ச்சி தொடங்குனதுக்கு அப்புறம், வேகமா வர்ற முதல் அலைய மெஷின் புடிச்சு, பின்னால வர்ற பலமான அல வந்து சேருறதுக்குள்ள சில செக்கன் முந்தி சொல்றது. செக்கன் கணக்கு. ‘இன்னைக்கு ராத்திரி ரெண்டரைக்கு’ இல்ல. எந்த எடம் ஆபத்துன்னு சொல்ல முடியும், எந்த நாள்னு சொல்ல முடியாது. இத மட்டும் மனசுல வச்சிக்கிட்டீங்கன்னா அந்த வொய்ஸ் மெசேஜ நீங்களே டிலீட் பண்ணிருவீங்க.

சரி, நம்ம ஊருக்கு வருமா? பூமியோட மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டா பிரிஞ்சு மெதுவா நகருது, தட்டுங்க உரசுற விளிம்புல தான் அதிர்ச்சி அதிகம். இலங்க இந்தியத் தட்டோட உள்பக்கம் இருக்கு, விளிம்புல இல்ல, அதனால ஜப்பான் மாதிரி நேபாளம் மாதிரி அடிக்கடி வராது. இதக் கேட்டதும் ‘அப்ப நமக்கு ஒண்ணும் இல்ல’ன்னு கெளம்புற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்களுக்கும் சேத்து தான் சொல்றேன். 1615ல கொழும்புல பலமா ஆடி வீடுங்க இடிஞ்சதா போத்துக்கீசர் காலத்து குறிப்பு இருக்கு. 2020 ஆகஸ்ட் கடைசியில கண்டிக்கு பக்கத்துல திகன, ஹாரகம பக்கம் ஆடுனது நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், அந்த வருசக் கடைசி வரைக்கும் விட்டு விட்டு வந்துச்சு. 2023 பெப்ரவரியில புத்தல, வெல்லவாய பக்கம் 3 அளவுல வந்துச்சு. இதெல்லாம் சின்னது. 2க்கும் 7க்கும் அஞ்சு தானே வித்தியாசம்னு நெனைக்காதீங்க, ஒவ்வொரு நம்பருக்கும் வெளிவர்ற சக்தி முப்பது மடங்குக்கு மேல கூடும், அஞ்சு நம்பர் ஏறுனா மூணு கோடி மடங்கு. சின்னது வந்துட்டா அடுத்து கட்டாயம் பெருசு வரும்னும் இல்ல, பெரும்பாலும் சின்னதோடயே அடங்கிரும், ஆனா ‘வராது’ன்னு எழுதி கையெழுத்து போட நான் தயாரில்ல.

ஏன்னா மகாராஷ்டிராவுல லத்தூர் பக்கம் கில்லாரின்னு ஒரு எடம். அதுவும் நம்மள மாதிரி தட்டோட உள்பக்கம் தான், அங்கயும் வராதுன்னு தான் இருந்தாங்க. 1993 செப்டம்பர் 30, விடியக்காலை நாலு மணி வாக்குல 6.2 அளவுல வந்துச்சு. தாங்ஷானோட பாத்தா நடுத்தரம் தான். செத்தது கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். கொன்னது வீடு. கருங்கல்ல மண்ணு வச்சு அடுக்குன தடிச்ச செவரு, மேல பாரமான மண் கூர, மூலையில ஒரு செவரும் இன்னொரு செவரும் ஒண்ணோட ஒண்ணு கோக்கல. நம்ம பழைய லயத்துச் செவத்த ஒரு தடவ நெனச்சுப் பாருங்க. கூர தகரம்ங்கிறதால தலைக்கு மேல பாரம் கொறவு, அந்த அளவுக்கு நல்லது, ஆனா கல்லுச் செவரு அதே கல்லுச் செவரு தான்.

புதுசா கட்டுற தனி வீடுங்க மட்டும் என்னவாம்? புளொக் கல்ல வச்சு நாலு செவத்த எழுப்பி, கொலம், அதாவது கம்பி வச்ச கொங்கிரீட் தூண், இல்லாம, ரெண்டு வருசம் கழிச்சு வெளிநாட்டுக் காசு வந்ததும் மேல ஒரு மாடி, அதுக்கும் மேல ஆயிரம் லீட்டர் டேங்க். ஆயிரம் லீட்டர் தண்ணி ஒரு டொன். உச்சந்தலையில ஒரு டொன்ன ஏத்தி வச்சிட்டு ‘மேசன் பாஸ் சொன்னாரு சேர், தாங்கும்னு’ங்கிறீங்க. பாஸ் நல்ல மனுசன் தான், ஆனா நிக்கிற பாரத்த தாங்குறது வேற, ஆட்டுற ஆட்டத்த தாங்குறது வேற. கட்டும்போது ஒண்ணே ஒண்ணு செய்ங்க, கதவு ஜன்னலுக்கு மேல போடுற லின்டல துண்டு துண்டா போடாம வீட்டச் சுத்தி ஒரே வளையமா, கம்பி வச்சு, மூலையில கம்பிய மடிச்சுக் கோத்து போடுங்க. கொழுந்துக் கூடையோட வாய்ப்பக்கம் சுத்தி இறுக்கிக் கட்டலன்னா கூடை விரிஞ்சு பிரிஞ்சிரும்ல, அதே தான் செவத்துக்கும். செலவு கூடும் தான், டைல்ஸ கொஞ்சம் பொறுத்து போடலாம்ல.

இப்ப மலையில இருக்குறவங்களுக்கு முக்கியமான விசயம். 2018 செப்டம்பர் 6 ஜப்பான் ஹொக்கைடோவுல அட்சுமான்னு ஒரு ஊர், ஒண்ணு ரெண்டு நாளைக்கு முன்ன தான் அந்தத் தீவ ஒட்டி புயல் கடந்து போயிருந்துச்சு, விடியக்காலையில பூமி ஆடுச்சு, மலையெல்லாம் ஆயிரக்கணக்கான எடத்துல வழிஞ்சு எறங்குச்சு. அந்த அதிர்ச்சியில செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க மண்ணுல பொதஞ்சு தான் செத்தாங்க. மலைநாட்டுல பூமி அதிர்ச்சின்னா பாதி மண்சரிவுன்னு வச்சிக்குங்க. பூமி ஆடாமலேயே நம்ம மலை எறங்கும்ங்கிறத 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் காட்டிட்டு போயிருச்சு, கண்டி, நுவரெலியா, பதுளைன்னு எங்க பாத்தாலும் சரிவு. அதுக்கும் முன்ன கொஸ்லந்த மீரியபெத்த. அந்த எடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் சொல்லுச்சு, 2011லயும் சொல்லுச்சு. 2014 ஒக்டோபர் 29 காலையில லயமே மண்ணுக்குள்ள போச்சு. எடத்த சொல்லி வருசக் கணக்காச்சு, சனங்கள மாத்தல. யாரு மேல குத்தம்னு பேச ஆரம்பிச்சா இந்தக் கட்டுர முடியாது, விடுங்க.

அதனால, தேதி தெரியலங்கிற கவலைய விட்டுட்டு வீட்டச் சுத்தி ஒரு தடவ நடந்து பாருங்க. நெலத்துல புதுசா வெடிப்பு இருக்கா, நேத்து வரைக்கும் நல்லா மூடுன கதவு இன்னைக்கு சிக்குதா, மரமோ லைட் போஸ்ட்டோ சாஞ்சிருக்கா, தண்ணியே வராத எடத்துல ஊத்து வருதா, இல்ல வருசம் பூரா வந்த பீலித் தண்ணி திடீர்னு கலங்கியோ நின்னோ போச்சா. செவத்துல வெடிப்பு இருந்தா ரெண்டு நுனியிலயும் பென்சிலால கோடு போட்டு தேதி எழுதி வைங்க. கோட்டத் தாண்டி வளந்தா அது பூச்சு வெடிப்பு இல்ல, ஆள கூப்புடுங்க. மேல சீமெந்து பூசி மறைக்காதீங்க, அத மாதிரி எங்க வயித்தெரிச்சல கெளப்புற வேல வேற இல்ல. தண்ணி ஓடுற கான அடைக்காதீங்க, குப்பையக் கொண்டுபோய் கான்ல கொட்டாதீங்க, மேட்டு அடிய வெட்டி கக்கூஸ் கட்டாதீங்க.

மழைய அளக்க மெஷின் வேணாம். வாயும் அடியும் ஒரே அகலமா இருக்குற ஒரு டின்ன வெட்டவெளியில வைங்க, புள்ளையோட அடிமட்டத்த உள்ள விட்டு பாருங்க. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டுனா கவனம், 100 தாண்டுனா பைய கட்டி தயாரா இருங்க, 150 தாண்டுனா யாரும் வந்து சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காம எறங்கிருங்க. தொரை சொல்லல, கணக்கப்பிள்ள சொல்லலன்னு நிக்காதீங்க. இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990, இந்த ரெண்டு நம்பரையும் கதவுக்கு பின்னால பெருசா எழுதி ஒட்டுங்க.

அந்தப் பையில நக நட்டுக்கு முன்ன அடையாள அட்ட, பொறப்பு அத்தாட்சி, பேங்க் புத்தகம், ஈபீஎஃப் பேப்பரு, கிளினிக் கொப்பி, பிரஷர் சீனி மாத்திரைங்க, டோர்ச், கொஞ்சம் தண்ணி. எங்க கூடுறதுன்னு வீட்டுல எல்லாரும் பகல்லயே பேசி முடிவு பண்ணுங்க, மேட்டுக்கு அடியிலயும் ஓடைக்கு பக்கத்துலயும் இல்லாத எடமா. பாட்டிய யாரு கூட்டிட்டு வர்றதுன்னும் இப்பவே பேசிருங்க, அன்னைக்கு ஆளாளுக்கு மத்தவன் கூட்டிட்டு வந்துருவான்னு நெனைப்பீங்க.

உண்மையாவே ஆடுனா? ஓடாதீங்க. மேசை இருந்தா அடியில பூந்து அதோட கால இறுக்கிப் புடிங்க, கட்டில்ல இருந்தா அங்கயே கவுந்து படுத்து தலைய தலகாணியால மூடுங்க. வாசக்கால்ல நிக்கிறதெல்லாம் பழைய கத. கல்லுச் செவரு லயத்துல, கதவுக்கு ரெண்டு எட்டுல இருக்கீங்க, வெளிய மேடோ மதிலோ இல்லாத வெட்டவெளின்னா மட்டும் சட்டுனு வெளியேறலாம். அலுமாரிய இன்னைக்கே செவத்தோட அடிச்சு வைங்க, தலமாட்டுக்கு மேல சவுண்ட் பொக்ஸ் பலகை வேணாம். ஆட்டம் நின்னதும் கேஸ மூடுங்க, மேட்டுப் பக்கத்த விட்டு தள்ளி வாங்க, மழ காலம்னா அன்னைக்கு ராத்திரி அந்தப் பக்கம் தலைய வைக்காதீங்க. கொழும்புல மாடிக் கட்டடத்துல வேல செய்ற நம்ம புள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க, லிஃப்ட்ட தொடக் கூடாது. 2025 மார்ச்ல மியன்மார்ல அடிச்சதுக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பேங்கொக்ல கட்டிக்கிட்டு இருந்த உசரமான கட்டடம் ஒண்ணு சரிஞ்சுச்சு, தூரம்னு அசட்டையா இருக்க முடியாது.

எங்கிட்ட கேக்குறதுன்னா கேளுங்க, கோவப்படுவேன் ஆனா பதில் சொல்லுவேன். வெடிப்ப படம் எடுக்கும்போது பக்கத்துல ஒரு அஞ்சு ரூவா குத்திய வச்சு எடுங்க, எவ்வளவு அகலம்னு தெரியும். கிட்ட ஒண்ணு, தூர நின்னு முழு செவரும் மேடும் தெரியுற மாதிரி ஒண்ணு, வெளிச்சத்துல. எத்தன நாளா இருக்குன்னு எழுதுங்க. வொய்ஸ் மெசேஜ ஃபோர்வர்ட் பண்ணிட்டு ‘சேர் இது உண்மையா’ன்னு மட்டும் கேக்காதீங்கப்பா.